குற்றாலத்தில் காணாமற்போன அரை ரோஜா

யுவ வருஷம் ஆனி மாதம் இருபத்தொன்பதாம் தேதி, சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பினேன். சாரல் காலத்தில் குற்றாலம் போகிறவன் முகத்தில் ஒரு களை இருக்கும். என் முகத்தைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர், "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டார். எனக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். தூங்கி மூன்று நாளாகியிருந்தது.

காரணம் ஒரு தபால் கார்டு. எங்கள் பள்ளிக்கூடக் கமிட்டியின் தலைவர் ஓய்வு பெற்ற சப்-ஜட்ஜ் ஒருவர். ஊரில் ஜட்ஜ் பிள்ளை என்றால் தெரியும். சீசனுக்குக் குற்றாலத்தில் பங்களா எடுத்துக் குடும்பத்தோடு தங்கியிருந்தார். அங்கிருந்து எழுதியிருந்தார்: "மாஸ்டர், என் இங்கிலீஷ் கோப்பைகளில் ஒன்றில் பூ பாதி போய்விட்டது. வேலைக்காரி புளி போட்டுத் தேய்த்ததன் பலன். நீர் சாயத்தோடு வந்து அதைத் திருத்தித் தர வேண்டும். அவளை விலக்குமுன் விஷயம் தெரிந்த ஒருவர் சேதத்தைப் பார்த்துச் சாட்சி சொல்வது முறை. அவை கையால் எழுதியவை என்று முதலில் கண்டு சொன்னவர் நீர்தானே."

நான்தான். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். வயது நாற்பத்தெட்டு. போன வருஷம் ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார அம்மாளிடமிருந்து ஜட்ஜ் பிள்ளை பன்னிரண்டு கோப்பைகளும் தட்டுகளும் வாங்கினார். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சீமைச் சரக்கு. பால் வெள்ளை, நீல ரோஜாச் சரம், தங்க விளிம்பு. என்னைக் கூப்பிட்டு ஒரு கோப்பையைக் கையில் கொடுத்து, "எப்படி இருக்கு?" என்றார். பக்கத்தில் ஒரு தட்டில் அல்வாவும் வைத்தார். கோப்பையைப் பார்த்தது கால் நிமிஷம் இருக்கும். அல்வாவைப் பார்த்தது அதைவிட அதிகம். "ஆகா, இதெல்லாம் கையெழுத்து வேலை. ஒவ்வொரு இதழும் தூரிகையால் தனித்தனியாக எழுதியது" என்று ஒரு போடு போட்டேன். அந்தச் சமயம் டிராயிங் வகுப்பு எதற்கு, எடுத்துவிடலாமே என்று கமிட்டியில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் கிளம்பிய அன்றும் அந்தப் பேச்சு ஓய்ந்திருக்கவில்லை. ஆடி மாதம் கமிட்டி கூட இருந்தது. இதுதான் என் கலை ஞானத்தின் வரலாறு.

திருநெல்வேலி ஜங்ஷனில் ஏழு இருபதுக்கு வண்டி. தென்காசிக்கு நாற்பத்தைந்து மைல், மூன்றாம் வகுப்பு பதினோரு அணா. தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பெட்டிக்குள் இரண்டு வேட்டி, ஒரு துண்டு, மூன்று தூரிகை, ஆறு குப்பி வர்ணம். எதிர்ப் பலகையில் ஐம்பது வயதுள்ள ஒரு ராவுத்தர், வைக்கோல் திணித்த மரப்பெட்டி ஒன்றைக் காலடியில் வைத்து, வண்டி குலுங்கும்போதெல்லாம் இரண்டு பாதத்தாலும் அணைத்துக்கொண்டிருந்தார். வீரவநல்லூர் தாண்டியதும் பேச்சுக் கொடுத்தார்.

"பொட்டிக்குள்ள என்ன அண்ணாச்சி, சாய வாடை அடிக்கி?"

சொன்னேன். சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். இங்கிலீஷ் கோப்பை, கையால் எழுதிய ரோஜா, அதைத் திருத்த ஜில்லாவிலேயே நான் ஒருவன் என்பதுபோல ஒரு தொனி.

ராவுத்தர் கடையநல்லூர்க்காரர். தறிக்காரர் வீட்டில் பிறந்து, கொழும்பில் ஒரு பீங்கான் கடையில் இருபது வருஷம் நின்றவர். இப்போது சீசனுக்கு அருவிக்கரையில் ஜப்பான் தட்டும் வளையலும் விற்கிறார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "பன்னெண்டு கோப்பையும் ஒண்ணு போல இருக்கா?" என்றார்.

"அச்சு அசலாக."

"அதாம்லா கேக்குதேன். கையால எழுதுனா அது எப்படி அச்சு அசலா இருக்கும்? ஒரே ஆளு ஒரே தறியில நெய்த ரெண்டு சேலையே ஒண்ணு போல வராது."

வண்டியில் நல்ல காற்று. இருந்தும் எனக்கு வேர்த்தது.

கல்லிடைக்குறிச்சியில் வண்டி நின்று, அப்பளக் கூடைகள் ஏறி இறங்கி, மறுபடி புறப்படும் வரை அவர் நிறுத்தாமல் விளக்கினார். செப்புத் தகட்டில் பூவைக் கீறுவார்களாம். கோடு வேண்டிய இடத்தில் கோடு, நிழல் வேண்டிய இடத்தில் புள்ளி. தகட்டைச் சூடாக்கி, மையைத் தேய்த்து, மிச்சத்தை வழித்துவிட்டு, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த மெல்லிய காகிதத்தில் அச்செடுப்பார்கள். அந்தக் காகிதத்தைப் பெண்கள் கத்தரியால் வெட்டி, ஒருமுறை சுட்டு எடுத்த, மெருகு ஏற்றாத கோப்பையைச் சுற்றி ஒட்டுவார்கள். கட்டையான மயிர்ப் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்ப்பார்கள். பிறகு தண்ணீரில் முக்கினால் காகிதம் கழன்று வந்துவிடும், பூ கோப்பையில் தங்கிவிடும். அதற்குமேல் கண்ணாடிப் பூச்சு, மறுபடி சூளை.

"அப்ப பூ கண்ணாடிக்குக் கீழ இருக்கு. புளி அதைத் தொடாது. தங்கம் மட்டுந்தான் மேல பூசினது. அது புளிக்கும் போவும், சாம்பலுக்கும் போவும்."

"அப்படியென்றால் போன பூ எங்கே போயிற்று?"

"போவல அண்ணாச்சி. வரவே இல்ல. காயிதம் எட்டிருக்காது. கோப்பை உருண்டையா இருக்கு, காயிதம் தட்டையா இருக்கு, சுத்தி வந்து முட்டுற இடத்துல ஒண்ணு மேல ஏறும், இல்லன்னா இடைவெளி விழும். அதைக் கைப்பிடி ஓரத்துல மறைச்சு வச்சிருப்பான். அங்கன பாருங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "ஆனா கண்ணாடிப் பூச்சுக்கு மேல அச்சு ஒட்டுறதும் உண்டு. அது தேய்ச்சாப் போவும். இது எந்தச் சாதின்னு பாத்தாத்தான் சொல்லலாம்."

கடையம் வந்தது. எனக்கு ஒரு அருமையான யோசனை தோன்றியது. இங்கே இறங்கி, வயிற்று வலி என்று ஒரு கார்டு எழுதிப் போட்டுவிட்டு, அடுத்த வண்டியில் ஊர் திரும்பிவிடலாம். வண்டி இரண்டு நிமிஷம் நின்றது. அந்த இரண்டு நிமிஷமும் பலகைக்கு அடியில் போய்விட்ட என் இடது கால் செருப்பைத் தேடினேன். செருப்பு கிடைத்தபோது வண்டி கிளம்பிவிட்டது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த ராவுத்தருக்கு என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். மடியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்தார். துணியில் இழை எண்ணுவதற்குத் தறிக்காரர்கள் வைத்திருக்கும் பூதக்கண்ணாடி.

"இதை வச்சுக்கிடுங்க. திரும்பும்போது கடையில குடுத்தாப் போதும். இன்னொண்ணு. நல்ல சீமைச் சரக்கா இருந்தா வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, விரல் நிழலாடும். மாட்டெலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கி மண்ணோட பாதிக்குப் பாதி சேத்திருப்பான். அதான் அந்த வெள்ளை."

"ஜட்ஜ் பிள்ளை வீடு சுத்த சைவம்."

"அப்ப அதைச் சொல்லாதீய," என்றார் ராவுத்தர்.

தென்காசியில் இறங்கும்போது மணி பத்தரை. கோயில் பக்கம் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம் என்று நடந்தேன். இடிந்து மொட்டையாக நின்ற கோபுரத்தின் வாசலில் வீசும் காற்றைப்பற்றிப் பலர் புகழ்ந்து சொல்வார்கள். அது என் குடையை மேல்நோக்கி விரித்து, தாமரைப் பூ ஆக்கிவிட்டுப் போயிற்று. சாமியிடம் வேண்டிக்கொள்ள நின்றேன். என்ன வேண்டுவது? பூ தேய்ந்து போயிருக்க வேண்டும் என்று வேண்டினால் நான் தப்பிப்பேன், முகம் தெரியாத ஒரு வேலைக்காரியின் பிழைப்புப் போகும். தேயாமல் இருக்க வேண்டும் என்று வேண்டினால் அவள் தப்பிப்பாள், டிராயிங் வகுப்புப் போகும். இரண்டையும் பாதிப் பாதி வேண்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

குற்றாலத்துக்கு மூன்றரை மைல். குதிரை வண்டிக்காரன் எட்டணா கேட்டு ஆறணாவுக்கு இறங்கினான்.

"குளிக்கவா சாமி, எண்ணெய் தேய்க்கவா?"

"சாட்சி சொல்ல."

"குத்தாலத்துல கோர்ட்டு கெடையாதே."

"ஒரு வராந்தாவில் இருக்கிறது."

அவன் திரும்பி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அதன்பின் குதிரையோடு மட்டும் பேசிக்கொண்டு வந்தான். இலஞ்சி தாண்டியதும் சாரல் பிடித்தது. மழை என்று சொல்ல முடியாது. மாவு சலிப்பதுபோல ஒன்று காற்றில் மிதந்து வந்து, கண்ணிமையிலும் குதிரையின் காதிலும் உட்கார்ந்தது. மலை இருந்த இடத்தில் வெள்ளைதான் இருந்தது. கோப்பை ஞாபகம் வந்தது. அப்போது எதைப் பார்த்தாலும் கோப்பை ஞாபகம்தான் வந்தது.

பங்களா ஐந்தருவி போகும் சாலையில், ஒரு பலா மரத்துக்குப் பின்னால் இருந்தது. ஜட்ஜ் பிள்ளை சால்வையைக் கழுத்துவரை போர்த்தி, வராந்தாவில் நாற்காலியில் இருந்தார்.

"வாரும்வே மாஸ்டர். நனைஞ்சிட்டீரோ? குடை என்ன, மேலே பார்த்து நிக்கி?"

"தென்காசிக் காற்று ஐயா."

"விசாரணை நாளைக் காலையில் ஒன்பது மணிக்கு. இன்னைக்குச் சாப்பிட்டுப் பொருளைப் பார்வையிடும்."

முப்பது வருஷ உத்தியோகம் மனிதரை அப்படி ஆக்கிவிடுகிறது. கோப்பை உடைந்தாலும் அவருக்கு அது வழக்கு.

சாப்பிட்டு முடித்து, பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்கட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பன்னிரண்டு கோப்பைகளையும் ஒரு தேக்கு மேஜையில் வரிசையாக வைத்திருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட கோப்பையை எடுத்தேன். கைப்பிடியின் இடது ஓரத்தில் ரோஜா ஒன்று நட்ட நடுவே கத்தியால் வெட்டியதுபோல நின்றது. பாதி ரோஜா, அடுத்து அரை விரல் அகலத்துக்கு வெறும் வெள்ளை, பிறகு சரம் வேறு ஓர் இலையில் தொடங்கியது. ஊரில் கண்ணாடி அலமாரியில் இருந்தவரை முகப்பு மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது. இங்கே எடுத்துக் குடித்தபோதுதான் பக்கவாட்டைப் பார்த்திருக்கிறார்கள்.

இழைக் கண்ணாடியை வைத்துக் குனிந்தேன். போன வருஷம் நான் சொன்ன தூரிகை ரோஜா ஒரு நொடியில் கலைந்தது. இதழின் நிழல் முழுக்கப் புள்ளிகள். குண்டூசி முனையால் குத்தியதுபோலச் சின்னச் சின்ன நீலப் புள்ளிகள், இதழ் மடியும் இடத்தில் நெருங்கி, விரியும் இடத்தில் விலகி. அடுத்த கோப்பையை எடுத்தேன். அதே இதழில் அதே புள்ளிகள். மூன்றாவது ரோஜாவின் கீழ் ஓர் இலையில் நரம்பு ஒன்று தவறிப்போய் வெளியே நீண்டிருந்தது. பன்னிரண்டு கோப்பையிலும் அந்த நரம்பு அதே இடத்தில் வெளியே நீண்டிருந்தது. செப்புத் தகட்டில் கீறியவனின் கை ஒருமுறை வழுக்கியிருக்கிறது, அவ்வளவுதான். கைப்பிடி ஓரங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒட்டு. இரண்டில் காகிதம் மேலே ஏறி இலை இரட்டையாகத் தெரிந்தது. ஒரு தட்டில் காகிதம் மடிந்த இடத்தில் முடியளவு வெள்ளைக் கோடு.

இத்தனையும் கண்ணெதிரே இருந்தும் நான் என்ன செய்தேன் தெரியுமா? வர்ணக் குப்பியைத் திறந்தேன். பேசாமல் அரை ரோஜாவை எழுதி நிரப்பிவிட்டால் எல்லோருக்கும் நல்லதல்லவா என்று ஒரு புத்தி. நீலத்தைத் தொட்டு வைத்தேன். சேம்பிலையில் விட்ட தண்ணீர் மாதிரி அது உருண்டு, திரண்டு, கோப்பையின் அடிக்கு இறங்கி என் வேட்டியில் சொட்டியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடி வேட்டியில் சொட்டியது. நாலாவது தடவை பின்னால் ஒரு குரல் கேட்டது.

"அதுல ஒட்டாது ஐயா. தண்ணியே நிக்காது, சாயம் எங்க நிக்கும்?"

காப்பி டம்ளரோடு ஒரு பெண் நின்றாள். நாற்பது வயதிருக்கும். இலஞ்சிக்காரி, பெயர் கோமு. இவள்தான் அவள் என்று சொல்லாமலே தெரிந்தது. விரல் நுனியெல்லாம் புளியும் சாம்பலும் ஏறிக் கறுத்திருந்தன.

"நீ புளி போட்டுத் தேய்த்தாயா?" என்றேன்.

"தேச்சேன். இல்லன்னு சொல்லல. பித்தளையும் புளிதான், வெங்கலமும் புளிதான், இதுக்கு மட்டும் என்னத்தப் போடணும்னு யாரு சொன்னா? தங்கம் கொஞ்சம் போயிட்டு, அதுவும் நெசந்தான். ஆனா பூவ நான் தேய்க்கல ஐயா. அது மொதல்லயே இல்ல. பன்னெண்டு கோப்பையிலயும் காது ஓரத்துல ஒரு வெட்டு இருக்கு. தெனம் கழுவுதேன், எனக்குத் தெரியாதா?"

"ஜட்ஜ் ஐயாவிடம் சொல்லவில்லையா?"

"சொன்னேன். 'டிராயிங் மாஸ்டரே கையால எழுதினதுன்னு சொல்லியிருக்காரு, நீ அவரைவிடக் கெட்டிக்காரியோ'ன்னு கேட்டாவ."

காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினேன்.

"சீசன் மூணு மாசந்தான் ஐயா எங்களுக்கு. இங்கன பேரு கெட்டுட்டுன்னா வேற எந்தப் பங்களாக்காரவுகளும் உள்ள விடமாட்டாவ. நாளைக்கு நீங்க பாத்துச் சொல்லுதது தான்." டம்ளரை வாங்கிக்கொண்டு நின்றவள், என் வேட்டியைப் பார்த்து, "நீலம் வெளுத்தாப் போயிரும். கழத்திப் போடுங்க, அலசித் தாறேன்" என்றாள்.

நாலு மணிக்குப் பேரருவிக்குப் போனேன். குற்றாலம் போனவன் அருவியைப்பற்றி எழுதாவிட்டால் வாசகர்கள் மன்னிக்க மாட்டார்கள். எழுதுகிறேன். எண்ணெய் தேய்த்துவிடும் ஆட்கள் பாறையோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். உடம்புக்கு நாலணா. என் தோள்பட்டையைப் பிடித்தவன், "என்ன சார்வாள், கட்டையா இறுகிக் கெடக்கு? வீட்டுல சண்டையா?" என்றான். ஒரு கோப்பை என்றேன். அவன் கள் என்று நினைத்துக்கொண்டு எனக்கு அறிவுரை சொல்லத் தொடங்கிவிட்டான். தடுக்கத் தெம்பில்லாமல் முழுவதையும் கேட்டேன். பிறகு அருவிக்குள் நுழைந்தேன். தலையில் ஆயிரம் பேர் சேர்ந்து குட்டுவதுபோல இருந்தது. மற்றவர்களுக்கு அது ஆனந்தம். எனக்கு நியாயமான தண்டனையாகத் தோன்றியது.

ஒன்று மட்டும் நல்லதாக நடந்தது. கரையேறி உட்கார்ந்து, ஓரமாகத் தேங்கிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் கூழாங்கற்கள். மேலே எண்ணெய்ப் படலம் மினுங்கி ஓடியது, கற்கள் அசையாமல் கிடந்தன. அன்று மதியம் கோப்பையைச் சாய்த்துப் பிடித்தபோது பார்த்ததும் இதையேதான். தங்கம் மேலே மினுங்கியது, நீலம் அடியில் கிடந்தது. ராவுத்தர் சொன்ன முதல் சாதிதான் இது. தொண்ணூறு பங்கு நிச்சயம். மீதிப் பத்துப் பங்கு என்னை இரவெல்லாம் தூங்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி. ஜட்ஜ் பிள்ளை நாற்காலியில். அவர் மனைவி, பெரிய அம்மாள், கதவுக்கு உள்பக்கம் நின்றிருந்தார். கோமு தூணோரம். மேஜையில் பன்னிரண்டு கோப்பைகள். கூரையிலிருந்து சாரல் சொட்டும் சத்தம்.

"சேதத்தைப் பார்த்தீரா?" என்றார் ஜட்ஜ் பிள்ளை.

"பார்த்தேன் ஐயா."

"தேய்த்ததால் போனதுதானே?"

அந்த இடத்தில் 'ஆமாம்' என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள். மூன்றெழுத்து. காலை வண்டியைப் பிடித்துவிடலாம். வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"கொஞ்சம் புளியும் சாம்பலும் வேண்டும்."

கோமு ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு சிரட்டையில் கொண்டுவந்து வைத்தாள். அரை ரோஜாக் கோப்பையை எடுத்தேன். மிச்சமிருந்த பாதி ரோஜாவின்மேல் புளியை வைத்து, சாம்பலைத் தூவி, கட்டை விரலால் தேய்க்கத் தொடங்கினேன். ஜட்ஜ் பிள்ளை நாற்காலியைவிட்டுப் பாதி எழுந்துவிட்டார்.

"என்னவே செய்யுதீர்?"

"தேய்த்தால் போகுமா என்று பார்க்கிறேன் ஐயா."

கை நடுங்கியது. நடுங்கும் கையில் வேகம் அதிகம் என்று அன்றுதான் கண்டேன். நூறு வரை எண்ணலாம் என்று ஆரம்பித்து முப்பதுக்குப் பிறகு எண்ணிக்கை தப்பி, மறுபடி இருபதிலிருந்து எண்ணினேன். மனசுக்குள் ராவுத்தரின் இரண்டாம் சாதி வந்து நின்றது. பூ போய்விட்டால் நானும் போனேன், கோமுவும் போனாள், கோப்பையும் போயிற்று. முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. போதும் என்று எனக்கே தோன்றியபோது சொம்புத் தண்ணீரை ஊற்றினேன்.

விளிம்பில் தங்கம் ஒரு விரல் நீளத்துக்குக் காணோம். பாதி ரோஜா அப்படியே இருந்தது. ஒரு புள்ளி குறையவில்லை.

இழைக் கண்ணாடியை அவர் கையில் கொடுத்தேன். கைப்பிடி ஓரத்து ஒட்டுகளையும், நீண்டுபோன இலை நரம்பையும், தட்டில் விழுந்த மடிப்பையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். செப்புத் தகடு, காகிதம், கத்தரி, கண்ணாடிப் பூச்சு எல்லாம் சொன்னேன். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. குனிந்த தலை நிமிரவில்லை. முதல் கோப்பையிலிருந்து கடைசிக் கோப்பைவரை, பழைய தீர்ப்பு நகல் படிப்பதுபோல வரிவரியாகப் பார்த்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். என்னை உட்காரச் சொல்லவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து பெரிய அம்மாளின் குரல் வந்தது. "நான் அன்னைக்கே சொன்னேன், எல்லாப் பூவும் ஒண்ணு போலல்லா இருக்குன்னு. யாரு கேட்டா?"

ஜட்ஜ் பிள்ளை கண்ணாடியை மேஜையில் வைத்தார். "போன வருஷம் நீர் கையெழுத்து வேலைன்னு சொன்னீரே. எதை வச்சுச் சொன்னீர்?"

பொய் சொல்லக் களைப்பாக இருந்தது. "அல்வாவை வைத்து ஐயா."

தூண் பக்கம் ஒரு மூச்சு வெளியே வந்தது. சிரிப்பை அடக்கிய மூச்சு.

"அதை நான் எத்தனை பேர்கிட்டச் சொல்லியிருக்கேன் தெரியுமா ஓய்?"

"தெரியாது ஐயா."

"எனக்கும் தெரியாது. ஊரில் பாதிப் பேர்." சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு தூண் பக்கம் திரும்பினார். "கோமு, நீ போய் வேலையைப் பாரு. பூவுக்கு நீ பொறுப்பில்லை. தங்கம் நீ தேச்சது, மிச்சத்தை இவரு தேச்சாரு. இனிமே புளி ஆகாது. வெறும் தண்ணி, மெல்லிசுத் துணி. இதுகளை நீதான் கழுவணும், வேற யாரும் தொடப்படாது."

"சரிங்கய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோமு சிரட்டையை எடுத்துக்கொண்டு போனாள்.

கமிட்டி விஷயமாக ஏதாவது சொல்வார் என்று நின்றேன். "கமிட்டி விஷயம் கமிட்டியில்" என்றார், நான் கேட்காமலே. பிறகு அரை ரோஜாக் கோப்பையையும் அதன் தட்டையும் என் பக்கம் தள்ளினார். "இதை நீரே கொண்டுபோம். என் கண்ணில் படப்படாது."

பதினொரு மணிக்கு விடைபெற்றேன். பின்வாசலில் கோமு கோப்பையையும் தட்டையும் வாழைச் சருகில் சுற்றி, வைக்கோல் வைத்துக் கட்டித் தந்தாள். கட்டோடு ஆறு மங்குஸ்தான் பழம் இருந்தது. வேட்டியையும் மடித்து வைத்திருந்தாள். நீலம் போகவில்லை, இடம் மாறியிருந்தது.

"கை ரொம்ப நடுங்குச்சே ஐயா," என்றாள். "நான் தேச்சிருந்தா நடுங்கிருக்காது."

"உன்னைத் தேய்க்கச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா ஜட்ஜ் ஐயா நம்பமாட்டாவ. நான் மெதுவாத் தேச்சேன்னு சொல்லிருப்பாவ." கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "போயிட்டு வாங்க. குடையக் கவுத்துப் பிடிங்க."

அருவிக்கரையில் ராவுத்தர் கடையைத் தேடிக் கண்ணாடியைக் கொடுத்தேன். நடந்ததைக் கேட்டுத் தலையாட்டினார். "மத்ததைச் சொன்னீயளா? எலும்புச் சாம்பல் விசயம்?"

"இல்லை."

"ஒரு நாளைக்கு ஒண்ணு போதும் அண்ணாச்சி."

தென்காசியிலிருந்து ஆலங்குளம் வழியாக மோட்டார் பஸ். முப்பத்துமூன்று மைல், பத்தணா. ரயிலைவிட ஓரணா மிச்சம், இடுப்புக்கு அதைவிடச் செலவு. ஆலங்குளத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற அரை மணி நேரம் நின்றார்கள். அங்கே சாரலும் இல்லை, ஈரமும் இல்லை, செம்மண் புழுதிதான். முப்பது மைலுக்குள் இரண்டு தேசம். டிரைவர், "கட்டுல என்ன அண்ணாச்சி, இவ்வளவு பத்திரமா?" என்றார். பாதி ரோஜா என்றேன். மீதி எங்கே என்று அவர் கேட்கவில்லை. அவருக்கும் களைப்பாக இருந்திருக்கும். ஆறு மணிக்கு வீட்டுப் படியேறினேன்.

ஆவணியில் கமிட்டியிலிருந்து காகிதம் வந்தது. டிராயிங் வகுப்பு இன்னும் ஒரு வருஷம் நடக்கலாம், ஆசிரியர் சொந்தச் செலவில் ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தது. வாங்கிவிட்டேன்.

கோப்பை விஷயம் பாக்கி. நான் வந்த அன்று என் மனைவி கட்டைப் பிரித்து, சருகை விலக்கி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் விரல் நிழல் கோப்பைக்குள்ளே ஆடியது. "எவ்வளவு சுத்தமான வெள்ளை. இதுல காப்பி குடிக்கவா?" என்றாள். காப்பி குடிக்கத்தான் என்று நான் சொல்வதற்குள் அதைக் கழுவி, பூஜை அலமாரியில் கொண்டுபோய் வைத்து, நிறையத் திருநீறு கொட்டிவிட்டாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதிலிருந்துதான் எடுத்துப் பூசிக்கொள்கிறார்கள். சீமைக் கிண்ணத்தில் திருநீறு என்று தெருவில் ஒரு பேர்.

ஜட்ஜ் பிள்ளை தமிழ்ப் பத்திரிகை தொடுவதில்லை, என் மனைவி பயணக் கட்டுரை படிப்பதில்லை. இந்த இரண்டு தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். தினமும் காலையில் குளித்துவிட்டு அந்த அரை ரோஜாவுக்கு எதிரே நிற்கிறேன். அந்த வெள்ளை எதிலிருந்து வந்தது என்று வீட்டில் சொல்லிவிடலாமா எனத் தோன்றும். குற்றாலத்தில் ஒரே ஒரு உண்மையைச் சொன்னதற்கு முழங்கால் வலி போக எனக்குப் பத்து நாள் ஆயிற்று. விரலை உள்ளே விட்டு எடுத்து, நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, பள்ளிக்கூடம் போய்விடுகிறேன்.